அறுவடைக் கூலியும் அரிவாட் காயமும்

அறுவடைக்கு நாட்கூலியாகச் சென்றவர், பகலெல்லாம் குனிந்து அறுத்துக் கை தளர்ந்த அந்திவேளையில் விரலை அறுத்துக்கொள்வது நாம் கண்டதே. காயம் சிறிதுதான். ஆயினும் மண்ணிலும் சாணத்திலும் உறையும் தனுர்வாதக் கிருமிக்கு அவ்வாசல் போதும். இக்கிருமியை 1889-ஆம் வருஷத்தில் ஜப்பானிய வைத்தியர் கிடசாட்டோ தனித்துப் பிரித்தெடுத்தார். ரத்தத்தை நிறுத்தச் சேற்றையோ சாணியையோ அப்புவது, கிருமியை நாமே உள்ளே செலுத்துவதாகும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றபின் சோப்பும் சுத்த ஜலமும் கொண்டு கழுவுக. மறுநாட் கூலி போய்விடுமே என்றெண்ணித் தடுப்பு ஊசியைத் தள்ளிப்போடுவோர் உண்டு, அதுதான் ஆபத்து. புண் ஆறிய பின்னரும் நோய் தோன்றக்கூடும். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் வரும். ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமே. தாடை இறுகத் தொடங்கினாலோ, தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுசெல்லவேண்டும்.