தாராவியில் இரவு நேர அவசர மருத்துவம்

மும்பை ஏழு தீவுகளை இணைத்து எழுப்பப்பட்ட நகரம் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அத்தீவுகளுக்கு இடையே கிடந்த சதுப்பு நிலங்கள் தூர்க்கப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் நகரத்தின் நடுவே இன்றும் ஒரு தீவு எஞ்சியிருக்கிறது எனலாம். மேற்கே ஓர் இருப்புப்பாதை, கிழக்கே மற்றோர் இருப்புப்பாதை, வடக்கே மித்தி ஆறும் மாகிம் கழிமுகமும். தெற்கே அவ்விரு பாதைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. இந்த எல்லைகளுக்குள் ஏறக்குறைய இரண்டரை சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது தாராவி. கோலி மீனவரின் குடியிருப்பாக இருந்த இவ்விடத்திற்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோரும், சௌராஷ்டிரத்திலிருந்து குயவரும், பின்னர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். 2020ஆம் ஆண்டில் கொரோனா தடுப்புப் பணிக்காக மாநகராட்சி எடுத்துக்கொண்ட மக்கள்தொகை எட்டரை லட்சம்.

இத்தகைய இடத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் பொருள். தாராவிக்கு அருகில் பெரிய மருத்துவமனை இல்லை என்று எவரும் கூற முடியாது. 1947இல் இராணுவக் கொட்டகைகளில் ஐம்பது படுக்கைகளுடன் தொடங்கிய சயான் மருத்துவமனை, 1964 முதல் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து வளர்ந்து, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளைக் கொண்டு விளங்குகிறது. விபத்துச் சிகிச்சையில் அது நாடறிந்த நிலையம். அதன் கதவு இரவிலும் மூடப்படுவதில்லை. தாராவியின் எல்லையிலிருந்து அதன் தொலைவு நடந்தே கடக்கக் கூடியது. எனவே கேள்வி மருத்துவமனையைப் பற்றியதன்று. குடிசையிலிருந்து அக்கதவு வரையுள்ள தொலைவைப் பற்றியது.

சந்தும் சாலையும்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாதுங்காவை எடுத்துக்கொள்வோம். 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது தாதர், மாதுங்கா பகுதிகளுக்கு அகன்ற தெருக்களையும் தோட்டங்களையும் வகுத்து மனைகளைப் பிரித்தது. நோய் பரவாதிருக்கக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். அந்த அகலமே இன்று ஆம்புலன்ஸ் வண்டியை வீட்டு வாயில் வரை கொண்டுவருகிறது. இருப்புப்பாதைக்கு அப்பால் தாராவியில் 90 அடிச் சாலையும் 60 அடிச் சாலையும் சந்த் ரோகிதாஸ் சாலையுமே வாகனங்கள் தடையின்றிச் செல்லக்கூடிய முக்கிய வழிகள். அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில் பல, எதிரெதிரே வரும் இருவர் ஒதுங்கி நின்றே கடக்க வேண்டிய அளவினவை. மேல்தளத்துக்குச் செல்லும் வழி பல வீடுகளில் செங்குத்தான இரும்பு ஏணிதான். ஸ்ட்ரெச்சர் அங்கே திரும்பாது.

ஆகவே நோயாளியை நாற்காலியில் அமர்த்தியோ போர்வையில் கிடத்தியோ நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். நம் மலைக் கிராமங்களில் நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து வருவது பற்றிச் செய்தித்தாள்களில் அவ்வப்போது படிக்கிறோம். நாட்டின் நிதித் தலைநகரிலும் நிலைமை அதுவே. சுமப்போருக்கு முறை தெரியாவிட்டால், முதுகெலும்பு முறிந்தவர் சந்தைக் கடப்பதற்குள் மேலும் ஊறுபடக்கூடும்.

முகவரியும் ஓர் இடர்ப்பாடு. கதவிலக்கம் இல்லாத சந்தில், "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், குழாயடிக்கு எதிரே" என்றுதான் இடம் சொல்ல முடியும். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்பார். இரவில் தனித்திருக்கும் தமிழ் மூதாட்டிக்கு அவ்விரண்டும் தட்டுத்தடுமாறியே வரும். நோயின் குறிகளைச் சொல்வதற்கு முன்பே நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. மொழி நிர்வாகத்தின் சிறு விவரம் எனச் சிலர் கருதுவர். அவசர மருத்துவத்தில் அது சிகிச்சையின் முதற்படி.

மருத்துவ நூல்கள் கூறும் கால அளவுகளை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இதயம் நின்றபின் நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது. மகப்பேற்றுக்குப் பின் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு ஏற்பட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தாய் இறக்க நேரிடலாம். தீப்புண்ணின் மீது இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றுவது பின்னர் செய்யப்படும் பல சிகிச்சைகளைக் காட்டிலும் பயன் தருவது. ஆனால் அது முதல் மூன்று மணி நேரத்துக்குள் செய்யப்பட வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை சாலையை அடைவதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டியவை.

வண்டிகள் வந்த வரலாறு

மும்பையில் அவசர வண்டிச் சேவை அண்மைக் காலத்தில்தான் ஒழுங்குபெற்றது. 2005இல் 1298 என்ற எண்ணுடன் ஒரு தனியார் சேவை தொடங்கியது. அதன் கட்டண முறை மாணவர்கள் கவனிக்கத்தக்கது. நோயாளி தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் முழுக் கட்டணம். அரசு மருத்துவமனைக்குச் சென்றால் குறைந்த கட்டணம். வருமானச் சான்று எதுவும் கேட்கப்படவில்லை; செல்லுமிடமே வருமானத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 2014இல் மகாராஷ்டிர அரசு 108 சேவையை 937 வண்டிகளுடன் மாநிலமெங்கும் கட்டணமின்றித் தொடங்கியது. தமிழகத்தில் அச்சேவை 2008லேயே தொடங்கிவிட்டது. 2017 ஆகஸ்டில் மும்பையின் குறுகிய வழிகளுக்கெனப் பத்து மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ்கள் விடப்பட்டன. ஆக்சிஜன் உருளையும் முதலுதவி மருந்துகளும் ஏற்றிய இந்த வண்டிகள் நோயாளியைக் கொண்டுசெல்வதற்காக அல்ல; சிகிச்சையை அவரிடம் கொண்டுசெல்வதற்காக. தாராவியைப் பொறுத்தவரை இதுவே சரியான சிந்தனை என்பது எம் கருத்து. பத்து வண்டிகள் என்ற எண்ணிக்கைதான் நகரத்தின் அளவுக்குச் சிறிது.

பகல்நேர மருத்துவமும் விரிவடைந்துள்ளது. சயான் மருத்துவக் கல்லூரியின் நகர்ப்புறச் சுகாதார மையத்தைத் தாராவி மக்கள் "சோட்டா சயான்" என்றே அழைக்கின்றனர். 2022இல் மாநகராட்சி தொடங்கிய "ஆப்லா தவாகானா" மருந்தகங்களுக்குக் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை நேரம் வகுக்கப்பட்டது. உழைக்கும் மக்களின் பொழுதை அறிந்து அமைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் இரவு 10 முதல் காலை 7 வரையுள்ள ஒன்பது மணி நேரம் அதிலும் விடுபட்டே நின்றது.

ஓர் இருக்கைக்கு ஐவர்

"இரவிலும் திறந்து வைத்தால் என்ன?" என்று எளிதாகக் கேட்டுவிடலாம். நிர்வாகத்தில் இருப்போர் ஒரு சிறு கணக்கை அறிந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரத்திற்கு 48 மணி நேரம் பணியாற்றினால், ஒரே ஓர் இருக்கையை இடைவிடாது நிரப்ப மூன்றரைப் பேர் தேவை. விடுப்பு, பண்டிகை நாள், பயிற்சி, நோய் ஆகியவற்றைச் சேர்த்தால் ஐவர் ஆகின்றனர். மருத்துவர், செவிலியர், உதவியாளர், ஓட்டுநர் என நான்கு இருக்கைகள் கொண்ட மிகச்சிறிய நிலையத்துக்கே இருபது பணியாளர் வேண்டும். நால்வரை நியமித்துவிட்டுப் பெயர்ப்பலகையில் "24 மணி நேரமும்" என எழுதிவைப்பது, சில மாதங்களில் பூட்டிய கதவில்தான் முடியும்.

அடுத்து எழும் ஆட்சேபம்: இரவில் வருவோர் ஐந்தாறு பேர், அவர்களுக்காக இத்தனை பேரா? தீயணைப்பு நிலையத்தை நாம் இவ்வாறு அளப்பதில்லை. தீ மூளாத இரவில் அங்கிருப்போர் வீணாக ஊதியம் பெற்றதாகத் தணிக்கையாளர் எவரும் குறிப்பு எழுதியதில்லை. அவசர மருத்துவத்தில் காத்திருப்பதும் பணியே.

இக்கணக்கை முதலில் நேர்கொண்டவை உண்மையான தீவுகள்தாம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் மருத்துவர் நிலைத்திருக்க இயலாமையை 1912இல் ஒரு குழு ஆராய்ந்தது. சிதறிக் கிடக்கும் ஏழை மக்களின் கட்டணத்தைக் கொண்டு ஒரு மருத்துவர் வாழ முடியாது என்பதே அது கண்ட உண்மை. மறு ஆண்டே மருத்துவருக்குக் குறைந்தபட்ச வருமானத்தையும் பயணச் செலவையும் அரசு ஏற்கும் திட்டம் பிறந்தது; தொலைவில் இருப்பவர் என்பதற்காக நோயாளியிடம் கூடுதல் கட்டணம் கேட்கக்கூடாது என்பது அதன் விதி. 1933இல் ஐலா தீவிலிருந்து கிளாஸ்கோ நகருக்கு விமானத்தில் நோயாளி கொண்டுசெல்லப்பட்டதும் அந்தப் பகுதியில்தான். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை வந்தது 1948இல். தீவுகளோ முப்பத்தைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டன.

மும்பைத் துறைமுகத்திலேயே கராபுரி என்னும் எலிபண்டா தீவு இருக்கிறது. அதன் சிற்றூர்களுக்குக் கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் வந்தது 2018இல். சுற்றுலாப் படகுகள் மாலையுடன் நின்றுவிடும். அதன்பின் நோயாளிக்குத் தேவை ஒரு படகும், அதைச் செலுத்த விழித்திருக்கும் ஒருவரும். தாராவியில் அந்தப் படகின் இடத்தில் சந்தைக் கடக்கும் நான்கு தோள்கள் இருக்கின்றன.

மழையும் பாலமும்

சில நாட்களில் தாராவி உவமையளவில் அன்றி உண்மையிலேயே தீவாகிவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. மித்தி ஆறு கரையுடைத்துப் பரவியது. சாலைகளும் இருப்புப்பாதைகளும் நீரில் மூழ்கின. ஆண்டுதோறும் பெருமழையில் மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் நீர் தேங்குவதும், செம்பூரிலிருந்து நகருக்குள் வரும் வண்டிகள் சயானில் நின்றுவிடுவதும் மும்பைவாசிகளுக்குப் பழகியவை. மழைநாட்களில்தான் மின்கசிவால் தாக்குண்டவர்களும் வழுக்கி விழுந்தவர்களும் மிகுதி.

மழை இல்லாத நாளிலும் வழி உறுதியானதன்று. தாராவி இருப்புப்பாதைக்கு மேற்கே உள்ளது, மருத்துவமனையோ கிழக்கே. இரண்டையும் இணைத்துவந்த பழைய சயான் மேம்பாலம் இடித்துக் கட்டப்படுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஒரு பாலத்தை மூடும் ஆணையில் போக்குவரத்துக் காவலரின் கையொப்பத்துடன் மருத்துவ அதிகாரியின் கருத்தும் இடம்பெற வேண்டும் என்பது மிகையான கோரிக்கையா? நிர்வாக எல்லையும் இதைச் சிக்கலாக்குகிறது: தாராவி மாநகராட்சியின் ஜி-வடக்கு வட்டத்தைச் சேர்ந்தது, மாதுங்காவும் சயானும் எஃப்-வடக்கு வட்டம், செம்பூர் எம்-மேற்கு. நோயாளி ஒரு வட்டத்தில் விழுந்து மற்றொரு வட்டத்தில் பிழைக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வது

அவசர சிகிச்சை கருணையின்பாற்பட்டதன்று, உரிமையின்பாற்பட்டது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், காவல்துறை நடைமுறைகளுக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என உச்ச நீதிமன்றம் கூறியது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ரயிலிலிருந்து விழுந்த மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரைப் பற்றியது. படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்ப, அவர் இறுதியில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். நிதியின்மையைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்று தீர்ப்பு வந்தது. எந்த மருத்துவமனையில் படுக்கை உள்ளது என்பதை அறியத் தொடர்பு வசதி தேவை என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. 2016இல் விபத்துற்றோருக்கு உதவுவோரைக் காவல்துறை அலைக்கழிக்காதிருப்பதற்கான நெறிகளுக்கு நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. ரயில்பாதை அருகே விழுந்தவரைத் தூக்கத் தயங்கும் தாராவி இளைஞருக்கு இதைத் தமிழிலும் மராத்தியிலும் எடுத்துச் சொல்வோர் வேண்டும்.

2020இன் அனுபவம்

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாதவை என எண்ணுவோர் 2020ஐ நோக்கலாம். ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மாநகராட்சி நோயாளி வரும்வரை காத்திராமல் வீடு வீடாகச் சென்றது. அப்பகுதித் தனியார் மருத்துவர்களைத் துணைக்கு அழைத்தது. பள்ளியையும் விளையாட்டு அரங்கையும் தனிமை முகாம்களாக்கியது. தனியார் மருத்துவமனை ஒன்றைப் பொறுப்பேற்றது. மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவில் ஆக்சிஜன் வசதியுடன் 200 படுக்கைகள் கொண்ட தற்காலிக மருத்துவமனை எழுந்தது. இரவு பகல் பாராமல் இயங்க இந்த நகரத்திற்குத் தெரியும் என்பது அன்று புலனாயிற்று. தொற்று தணிந்ததும் அந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியையேனும் நிலைநிறுத்தியிருக்கலாம்.

நிலைநிறுத்த வேண்டியது பெரிய கட்டடமன்று. 90 அடிச் சாலையிலும் 60 அடிச் சாலையிலும் ஒவ்வோர் உயிர்காப்பு அறை. அங்கே ஆக்சிஜன், இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி, நெபுலைசர், இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகள். சயானுடன் நேரடித் தொலைபேசி. சந்துகளின் தலைப்பில் பெரிய எழுத்தில் எண். அந்த எண் பதிந்த வரைபடம் 108 கட்டுப்பாட்டு அறையில். தோல் பட்டறைகளிலும் மறுசுழற்சிக் கூடங்களிலும் இரவுப் பணியில் இருப்போருக்குத் தூக்கிச் செல்லும் முறையும் மார்பை அழுத்தி உயிரூட்டும் முறையும் பயிற்றுவித்தல். புதிய மாடிக் குடியிருப்புகள் எழும்போது மின்தூக்கியில் ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் நுழையுமா என்பதை வரைபடத்தை ஏற்கும் பொறியாளர் அளந்து பார்க்க வேண்டும். நுழையாவிட்டால், ஏணியின் இடத்தில் மின்தூக்கி வந்தும் போர்வையில் தூக்குவது நிற்காது.

உயிர்காப்பு அறையின் பதிவேட்டில் எத்தனை நோயாளிகள் வந்தனர் என்ற ஒரே பத்தியை வைத்து ஆண்டறிக்கை எழுதும் பழக்கம் இங்கே பயன்படாது. அழைப்பு வந்த நேரம், உதவி குடிசையை அடைந்த நேரம், நோயாளி சாலையை அடைந்த நேரம், சயானில் மருத்துவர் பார்த்த நேரம் என நான்கு பத்திகள் வேண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே எத்தனை நிமிடம் என்பதை மாதந்தோறும் இரு வட்ட அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்க வேண்டும்.