அமுச்சி பல் ஏன் வலிக்கவில்லை?

 

என் அமுச்சி இருபது வருஷமா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுறாங்க. கையில் கத்தரி இருந்தாலும் அவசரத்துக்கு நூலைப் பல்லாலேயே கடிச்சிடுவாங்க. முன்பல் நுனியில் நூல் போற அளவுக்குப் பள்ளமே விழுந்திருக்கு.

போன மாதம் அவங்க கடைவாய்ப் பல்லில் ஓட்டை தெரிந்தது. "வலியே இல்லீங்களே, எதுக்குங்க செலவு?" என்று சொல்லிக்கொண்டேதான் டாக்டரிடம் வந்தாங்க. எக்ஸ்ரே பார்த்தால் சொத்தை ஆழமாகப் போயிருந்தது. சின்னச் சொத்தைக்கே எனக்குத் தூக்கம் வராது! அமுச்சிக்கு மட்டும் எப்படி?

டாக்டர் சொன்னதையும் நூலகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடும். அதனால் தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. எனாமலுக்குக் கீழே டென்டைன், நடுவில் பற்கூழ். பற்கூழின் ஓரத்தில் ஓடோன்டோபிளாஸ்ட் என்ற செல்கள் வரிசையாக நிற்கின்றன. இவை ஆயுள் முழுக்க உள்பக்கமாக டென்டைனைப் பூசிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் நின்று சுவரைத் தடிமனாக்கினால் அறை சுருங்கும் அல்லவா? அப்படித்தான். பல் தேய்கிற இடத்தில் இன்னும் அதிகமாகப் பூசும். நூல் பள்ளம் கூசாததற்கு அதுதான் காரணமாம்.

ஆனால் வயதாக ஆக பற்கூழில் செல்கள், ரத்தக் குழாய்கள், நரம்புகள் எல்லாம் குறைந்து நார் அதிகமாகிறது. சிலருக்குள்ளே சின்னக் கல்லே உருவாகும். அதனால் வலி என்ற மணி லேட்டாக அடிக்கிறது, சில நேரம் அடிப்பதே இல்லை.

1950-இல் சுவீடனைச் சேர்ந்த கஸ்டாஃப்சன், பல்லை வைத்து வயதைக் கணிக்க ஆறு அடையாளங்களைச் சொன்னார். உள்ளே டென்டைன் சேர்வதும் அதில் ஒன்று.

சின்ன வயதுப் பல் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் சோங்டாவ் ஷி என்ற விஞ்ஞானி, தன் ஆறு வயது மகளின் விழுந்த பால்பல்லைப் பார்த்து ஆராய்ச்சி தொடங்கினார். பால்பற்களின் பற்கூழில் உயிருள்ள ஸ்டெம் செல்கள் இருப்பதை 2003-இல் வெளியிட்டார். நாமோ சாணியில் வைத்துக் கூரைமேல் வீசிட்டோம்!

அமுச்சிக்கு வேர் சிகிச்சை நடக்கிறது. உள்ளே குழாய் ஒடுங்கிப் போனதால் மூன்று தடவை வரச் சொல்லிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறது. எனாமல் திரும்ப வளராது என்று கேட்டதில் இருந்து, கத்தரியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போறாங்க.