ஃபார்மர் வேறு, லேட் வேறு

ஃபார்மர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘முன்னாள்’ என்று பொருள். பதவியோ உறவோ நீங்கியதை அது காட்டும். ஆளின் பெயருக்கு முன் லேட் வந்தால் ‘மர்ஹூம்’ என்றாகும்.

துங்கு அப்துல் ரஹ்மான் 1970-ல் பிரதமர் பதவியை விட்டார். அன்று முதல் ஃபார்மர் பிரதமர். 1990-ல் வபாத்தானார், அதன் பிறகே லேட். நம் பினாங்கு 1946 வரை நீரிணைக் குடியேற்றம். இன்று ஃபார்மர் நீரிணைக் குடியேற்றம். ஊர் இருக்கிறது, அந்தஸ்துதான் மாறிற்று.

பிரிந்துபோன பங்காளியை நாம் ஒருமுறை லேட் பார்ட்னர் என்று மொத்த வியாபாரிக்கு எழுதிவிட்டோம். அவர் அனுதாபக் கடிதம் அனுப்பியதோடு, கடனுக்குச் சரக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்! பங்காளியோ சூலியா தெருவில் சுகமாகக் கடை நடத்திக்கொண்டிருந்தார்.

ஆகவே, கையெழுத்திடுமுன் இச்சொல்லை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நலம்.