முதல் முறை ஜவுளி எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் ஏலாக்குறிச்சிப் பக்கம் துணியை வாங்குகிறோம் என்று சொல்வதில்லை, எடுக்கிறோம் என்றுதான் சொல்வோம். கல்யாணம் என்றால் ஜவுளி எடுப்பு, பெண்ணுக்குப் பட்டு எடுப்பு. அரியலூர், பெரம்பலூர்க் கரிசல் காடுகளில் பருத்திக்கும் இதே சொல்தான். என் அம்மா கூலிக்குப் பருத்தி எடுக்கப் போனவள். வெடித்த காயிலிருந்து சருகு ஒட்டாமல் பஞ்சை மட்டும் விரல் நுனியால் எடுப்பாள். காடு முழுக்க வெடித்துக் கிடந்தாலும் அவள் கண் கையில் இருக்கும் காயில்தான் இருக்கும்.

நான் முப்பது ஆண்டுக்கு மேல் தஞ்சாவூரில் ஜவுளிக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். காலைப் பேருந்தில் திருமானூர் போய், கொள்ளிடம் பாலம் தாண்டி, திருவையாறு வழியாகப் போவேன். கடை அடைத்த பிறகு அதே வழியில் திரும்புவேன். ஒரு சேலைக்காக நான்கு மாடி ஏறி இறங்கி, நூறு சேலை பிரித்துப் பார்த்து, கடைசியில் முகம் வாடி, வீட்டு ஆட்களோடு பேச்சை முறித்துக்கொண்டு போன குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பாடுபடுவது தப்பே இல்லை. வேண்டியவர்களுக்காகத்தானே படுகிறோம். ஆனால் அந்தப் பாட்டைக் கவுண்டரில் கொட்டுகிறோம், வீட்டில் செலவிட வேண்டியதை விட்டுவிடுகிறோம். முதல் முறை ஜவுளி எடுக்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. துணியை நினைக்கும் முன் ஆளை நினையுங்கள்.

என் முதல் தீபாவளி போனஸில் அம்மாவுக்கு ஒரு பட்டு எடுத்தேன். கரும்பச்சை உடல், அகலக் கரை, கனமான முந்தி. கடையிலேயே எல்லோரும் மெச்சினார்கள். அம்மா அதை ஒரே ஒரு நாள் மாதா கோயிலுக்குக் கட்டிப் போனாள். பருத்திக் காட்டில் உழைத்துத் தேய்ந்த தோள் அந்தக் கனத்தைத் தாங்கவில்லை. என்னிடம் அதைச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு எது வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை.

அதனால் புறப்படுமுன் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருக்கு எடுக்கிறோம், அவர் எங்கே கட்டுவார், எதைத் தூக்க முடியும், எந்த நிறத்தை ஆசையாகக் கட்டுவார், எதைக் கட்டவே மாட்டார் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இங்கே வந்து இந்த மண்ணின் துறவி போலக் காவி உடுத்தித் தலைப்பாகை கட்டினார் என்று சொல்வார்கள். கோணான்குப்பத்தில் அவர் வைத்த பெரியநாயகி மாதா சேலை உடுத்தியே நிற்கிறாள். யார் நடுவில் நிற்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் அவர் உடையை முடிவு செய்திருக்கிறார்.

2. பணத்தை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

முகூர்த்தப் பட்டுக்கு இவ்வளவு, சம்பந்தி வீட்டுக்கு இவ்வளவு, தாய்மாமன், அத்தை, நாத்தனாருக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே முடிவாகட்டும். ஒரே முறையில் நிற்கிறவர்களுக்கு ஒரே விலையில் எடுங்கள். பெரிய அத்தைக்குப் பட்டும் சின்ன அத்தைக்கு ஆர்ட் சில்க்கும் எடுத்தால் அந்த மனத்தாங்கல் பேரப்பிள்ளை காதுகுத்து வரைக்கும் வரும். கடன் வாங்கி ஜவுளி எடுக்காதீர்கள். பந்தல் பிரித்த பிறகு வட்டி கட்டப்போவது பெண்ணைப் பெற்றவர்தான்.

3. நாலு பேர் போங்கள், நாலு பேரில் கட்டப்போகிறவள் இருக்கட்டும்.

வேன் நிறைய ஆள் ஏறினால் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். கல்யாணப் பெண் மட்டும் வாய் திறக்காமல் ஓரமாக நிற்பாள். இதை எத்தனையோ முறை பார்த்து மனம் கனத்திருக்கிறேன். முதல் வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்திலும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலும் கல்யாண ஜவுளிக்குப் போகாதீர்கள். சாதாரண நாளில், கடை திறந்ததும், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு எடுத்த துணி பெரும்பாலும் திரும்பக் கடைக்கு வரும்.

4. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளை.

சேலை ஒன்றைப் பிரித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். பழைய மடிப்பில் மடித்து வைக்க மூன்று நிமிடம் ஆகும். நாங்கள் காலை முதல் இரவு வரை நின்றோம், கால் நரம்பு சுருண்டு போனவர்கள் எங்களில் பலர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021இல்தான்.

தொகை, நிறம், எந்த விசேஷம் என்று மூன்றையும் முதலிலேயே மனம் திறந்து சொல்லுங்கள். “அண்ணே, இவ்வளவுக்குள்ள, அம்மாவுக்கு, கனமில்லாம வேணும்” என்று யாராவது சொல்லிவிட்டால் பத்தாவது சேலைக்குள் நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். பட்ஜெட்டை மறைத்துப் பேசுகிறவர்களுக்கு எவ்வளவு அனுபவசாலியாலும் உதவ முடியாது.

5. வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள்.

கடை விளக்கில் அரக்கு சிவப்பாகத் தெரியும், மயில்கழுத்து நீலம் பச்சையாகத் தெரியும். பிடித்த இரண்டு மூன்றை மட்டும் வாசல் வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். தோளில் போட்டு ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கட்டுகிறவள் முகம் மலர்கிறதா என்று பாருங்கள்.

6. கையால் கேளுங்கள், காகிதத்திலும் கேளுங்கள்.

அசல் பட்டைக் கசக்கி விட்டால் மெல்ல விரியும். முந்தியின் குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி முத்துப் போல இறுகும். பருத்தி காகிதம் எரிவது போல எரியும்.

மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை, துணி தூய பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. கைத்தறியா விசைத்தறியா என்பதை அது சொல்லாது, அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. ஜரிகையைப் பற்றியும் அது பேசாது. அசல் ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழை ஓடும், மேலே தங்க முலாம் இருக்கும். விலை குறைந்த ஜரிகையில் வெள்ளியின் இடத்தில் செம்பு இருக்கும். எந்த ஜரிகை என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கடை வாசலோடு முடிந்துவிடும்.

7. ஒரு துணியாவது பக்கத்துத் தறியிலிருந்து எடுங்கள்.

நம் அரியலூர் மாவட்டத்திலேயே ஜெயங்கொண்டம் வட்டாரத்தில், வாரியங்காவல் பக்கம் போனால் தெருவில் தறிச் சத்தம் கேட்கும். கொள்ளிடத்துக்குத் தெற்கே, கும்பகோணத்தை ஒட்டித் திருபுவனம் இருக்கிறது. அந்த ஊர்ப் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியைத்தான் விற்கிறது. தீபாவளித் தள்ளுபடியும் உண்டு.

முடிந்தால் ஒரு முறை தறிக்குழியருகே உட்கார்ந்து பாருங்கள். ஒரு பட்டுக்குப் பாவு பிணைத்து நெய்து முடிக்க எத்தனை நாள் போகிறது, அதில் வீட்டுப் பெண்கள், பெரியவர்கள் எத்தனை பேர் கை படுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு நூறு ரூபாய்க்காகப் பேரம் பேச நாக்கு எழாது.

8. ஒரு நாள் துணிக்கு ஒரு நாள், முந்நூறு நாள் துணிக்கும் ஒரு நாள்.

இதைத்தான் ஊரே மறக்கிறது. முகூர்த்தப் பட்டுக்கு இரண்டு நாள் அலைகிறோம். தினமும் உடுத்தும் கைலியையும் நைட்டியையும் உள்பாவாடையையும் பேருந்து நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். வியர்வை குடிக்காத துணி தோலைக் கெடுக்கும். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குப் பருத்திதான் ஏற்றது. ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஏறினால் வேண்டாம்.

வேட்டியில் நாலு முழமா எட்டு முழமா என்பதோடு நூல் நம்பரையும் கேளுங்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். மெலிந்த நூல் விசேஷத்துக்கு அழகு, தினப்பாட்டுக்குக் கொஞ்சம் தடித்ததே நிற்கும். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்மடிப்பில் துணி விடச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு பிரித்து நீட்டலாம். பருத்தி லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள்.

9. பில் உங்கள் உரிமை.

ரெடிமேட் உடையில் ஒரு கம்பெனியின் நாற்பதும் இன்னொரு கம்பெனியின் நாற்பதும் ஒன்றாக இருக்காது. போனில் ஆர்டர் போடுவதானால், நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையை டேப்பால் அளந்து அந்த அளவோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் போனால் 18 சதவீதமும் வரி. அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் வரி அடக்கம், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள துணியைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு இல்லையென்றால் முப்பது நாள் அவகாசம் உண்டு. சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பொறுமையாகப் பேசுங்கள், கவுண்டரில் நிற்கும் பையனிடம் கோபப்படாதீர்கள். அந்த வரியை அச்சடித்தவன் அவன் இல்லை.

10. வீட்டுக்கு வந்த பிறகு விலையைப் பேசாதீர்கள்.

பையைப் பிரித்ததும் முதல் கேள்வி “எவ்வளவு?” என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த வீட்டுப் பட்டோடு உங்கள் பட்டு மல்லுக்கு நிற்கும். “பிடிச்சிருக்கா?” என்று உடுத்தப்போகிறவரை மட்டும் கேளுங்கள். மூன்றாம் மாடியில் பார்த்த மாம்பழ நிறம் இன்னும் நன்றாக இருந்ததோ என்ற நினைப்பையும் கொள்ளிடம் பாலத்தோடு விட்டுவிடுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் கையில் இருக்கும் நல்ல துணியும் சலித்துப் போகும்.

11. உங்கள் பட்டியலில் இல்லாத ஒருவருக்கும் எடுங்கள்.

பொங்கலுக்கு அரசு தரும் வேட்டி சேலை 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கியது. அந்த ஒன்றையே ஆண்டின் புதுத்துணியாகக் கட்டும் வீடுகள் நம் தெருவிலும் உண்டு. உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் பந்தல் கட்டியவருக்கு, பாத்திரம் துலக்கியவருக்கு, எடுக்க ஆளில்லாத ஒரு பாட்டிக்கு ஒன்று எடுங்கள். மிச்சம் வந்த காசில் எடுக்காதீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதி, அவருக்கும் நிறம் கேட்டு எடுங்கள்.

12. எடுத்ததை உடுத்துங்கள்.

பட்டைப் பிளாஸ்டிக் உறையில் பூட்டாதீர்கள், பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டுங்கள்.

அம்மா போன பிறகு அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கரும்பச்சைப் பட்டு நான் கொடுத்த மடிப்பிலேயே இருந்தது. விரித்தபோது மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கைக்கு வந்தது. அதன் கீழே பூப்போட்ட வாயில் சேலைகள் இரண்டு. பருத்திக் காட்டுக்குக் கட்டிப் போய், துவைத்துத் துவைத்துக் கரை வெளுத்தவை. அவற்றை எப்போது எடுத்தாள், யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றில் ஒன்றைத்தான் இன்றும் என் தலையணைக்கு மேலே விரித்துப் படுக்கிறேன்.

உங்கள் அம்மா இருக்கிறார்கள் என்றால், அடுத்த முறை பேருந்து ஏறுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.