துறைமுகத்தை வாழவைக்கும் பாதைகள்

சிலாங்கூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது கிள்ளான் மாவட்டம். மலேசியாவின் மிகப் பெரிய துறைமுகம் இங்குதான் இயங்கி வருகிறது. 2023ஆம் ஆண்டில், இருபதடிக் கொள்கலன் கணக்கின்படி, ஏறத்தாழ 14 மில்லியன் கொள்கலன்களை இத்துறைமுகம் கையாண்டது. மலைபோல் நிற்கும் கப்பல்களும் வானளாவிய பாரந்தூக்கிகளும் காண்போரை வியக்க வைக்கின்றன. ஆயினும், ஒரு துறைமுகத்தின் வலிமை கடற்பகுதியில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அதன் பின்னால் நிலத்தில் நீளும் பாதைகளே அதனை வாழவைக்கின்றன. கிள்ளானின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோலாலம்பூர்ச் சுரங்கங்களில் கிடைத்த ஈயம் கிள்ளான் ஆற்றின் வழியாகப் படகுகளில் கடற்கரைக்குக் கொண்டு வரப்பட்டது. ஆறு பல இடங்களில் ஆழம் குறைந்திருந்ததால் பயணம் மெதுவாகவே நடந்தது. நாள்கள் கூடக்கூடச் செலவும் கூடியது. இந்நிலையை மாற்ற, அன்றைய சிலாங்கூர் பிரிட்டிஷ் ஆலோசகர் பிராங்க் சுவெட்டன்ஹாம் இரயில் பாதை அமைக்க முனைந்தார். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்பட்டபின், 1890ஆம் ஆண்டில் பாதை கிள்ளான் நகரை எட்டியது. மலாயாவின் இரயில் பாதைகளை அமைக்கும் பணியில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பெரும்பங்காற்றினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணிபுரிந்தனர்.

ஒரு தடை நீங்கியதும் மற்றொரு தடை தெரிந்தது. ஆற்றின் உட்பகுதியிலிருந்த கிள்ளான் படகுத்துறைக்குப் பெரிய கப்பல்களால் வர இயலவில்லை. எனவே, ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் ஒன்றைக் கட்ட முடிவு செய்யப்பட்டது. அங்கே கடல் ஆழமாக இருந்தது. எதிரேயுள்ள தீவுகள் அலைகளைத் தடுத்தன. இரயில் பாதையும் அவ்விடம்வரை நீட்டிக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்னும் பெயருடன் அத்துறைமுகம் திறக்கப்பட்டது.

ஆனால், திறந்த சில வாரங்களிலேயே பேரிடர் சூழ்ந்தது. சதுப்பு நிலத்தில் பெருகிய கொசுக்களால் மலேரியாக் காய்ச்சல் பரவியது. தொழிலாளர்களும் அலுவலர்களும் அடுத்தடுத்து நோயுற்றனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு நிலைமை மோசமானது. அப்போது கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கொசுக்கள் பெருகும் இடத்தையே அழிக்க வேண்டுமென வலியுறுத்தினார். அதன்படி வடிகால்கள் வெட்டப்பட்டன, கரைகள் எழுப்பப்பட்டன, புதர்கள் அகற்றப்பட்டன. நோய் வெகுவாகக் குறைந்தது, துறைமுகமும் பிழைத்தது. கட்டடமும் தண்டவாளமும் இருந்தால் மட்டும் போதாது, அங்கு உழைப்போரின் நலனும் காக்கப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

1972ஆம் ஆண்டில் இத்துறைமுகம் ‘போர்ட் கிள்ளான்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று அது வடதுறைமுகம், தென்துறைமுகம், இண்டா தீவிலுள்ள மேற்குத் துறைமுகம் ஆகிய மூன்று பகுதிகளாகச் செயல்படுகிறது. கூட்டரசு நெடுஞ்சாலை, புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை, ஷா ஆலாம் விரைவுச்சாலை முதலியவை கிள்ளான் வட்டாரத்தைத் தொழிற்பேட்டைகளோடு இணைக்கின்றன. தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலையோ இண்டா தீவுவரை செல்கிறது.

இச்சாலைகளால் வணிகர்கள் அடையும் நன்மை யாது? ரப்பர்க் கையுறைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கப்பல் புறப்படுவதற்கு முன்பே, குறிப்பிட்ட நேரத்திற்குள், கொள்கலன் துறைமுகத்தை அடைந்தாக வேண்டும். வழியில் நெரிசல் ஏற்பட்டு அந்த நேரம் கடந்துவிட்டால், சரக்கு அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க நேரிடும். கிடங்குச் செலவு கூடும். வாங்குபவரின் நம்பிக்கையும் குறையும். பெரிய நிறுவனம் இத்தகைய இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். சிறு தொழில் செய்பவருக்கோ அது ஒரு மாத வருமானமாகவே இருக்கக்கூடும்.

பெரிய கப்பல்களுக்கு மட்டுமே போக்குவரத்து வசதி தேவை என்று கருதலாகாது. நண்டுத் தீவு எனப் பொருள்படும் பூலாவ் கெத்தாம் ஒரு மீனவர் தீவு. அங்குச் செல்லும் சுற்றுப்பயணிகள் போர்ட் கிள்ளான் படகுத்துறையிலிருந்தே புறப்படுகின்றனர். அப்படகுத்துறைக்கு அருகிலேயே இரயில் நிலையமும் உள்ளது. இரயிலும் படகும் இவ்வாறு கைகோத்திருப்பதால், தீவிலுள்ள உணவுக்கடைகளும் தங்கும் விடுதிகளும் பயனடைகின்றன.

எனினும், வளர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. இரவு பகலாக ஓடும் கனரக லாரிகளால் சாலைகள் பழுதடைகின்றன. குடியிருப்புப் பகுதிகளில் இரைச்சலும் தூசியும் பெருகுகின்றன. மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கும் வேலைக்கும் செல்வோர் லாரிகளுக்கு நடுவே அஞ்சி அஞ்சிச் செல்கின்றனர். இரயிலில் கூடுதல் சரக்குகளை அனுப்புவது இதற்கு ஒரு தீர்வாகும். ஒரே சரக்கு இரயில் பல லாரிகளின் சுமையை ஏற்றிச் செல்ல வல்லது. கோத்தா பாருவிலிருந்து போர்ட் கிள்ளான்வரை 665 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிடப்பட்டுள்ள கிழக்குக் கரை இரயில் பாதை, தீபகற்பத்தின் இரு கரைகளையும் இணைக்கும் நோக்கம் கொண்டது. லாரிகளுக்கெனத் தனி வழிகளும் நிறுத்துமிடங்களும் அமைப்பது, சாலைகளை முறையாகப் பராமரிப்பது ஆகியவையும் இன்றியமையாதவை.

அன்று ஈயத்தை ஏற்றி வந்த அதே நிலவழியில் இன்று கொள்கலன்கள் வருகின்றன. சரக்கு மாறினாலும் தேவை மாறவில்லை. சரக்கு விரைந்து செல்லவும், அப்பாதையை ஒட்டி வாழ்வோர் அச்சமின்றி நடமாடவும் ஒருசேர வழி செய்வதே சிறந்த போக்குவரத்துத் திட்டமாகும்.