தேனியின் ஓட்டும் முகாம் தமிழரும்

கேள்வி: அகதிகள், அயல்நாட்டுப் போர் பற்றிய அரசின் முடிவுகளை நாடாளுமன்றம் தட்டிக்கேட்க முடியுமா?
– வாசகர், வீரபாண்டி, தேனி மாவட்டம்

பதில்: கேட்கலாம், தடுப்பதுதான் அரிது. வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. 1987 ஜூலை 29இல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கொழும்பில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப்படை உடனே இலங்கையில் போய் இறங்கியது. முன்கூட்டி வாக்கெடுப்பு எதுவும் இல்லை.

அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. சசி தரூர் 2015இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை.

உங்கள் தொகுதிக்கே வருவோம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா வந்தது. எந்த நாட்டு அகதிகளுக்குக் குடியுரிமை என்ற அதன் பட்டியலில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. இலங்கைத் தமிழர் அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க இருந்தும் இல்லை! அப்போது அ.தி.மு.க.வின் ஒரே மக்களவை உறுப்பினர் தேனியின் ரவீந்திரநாத் குமார், மசோதாவை ஆதரித்தார். மாநிலங்களவையில் 125–105 என்று நிறைவேறியது. அங்கே அக்கட்சிக்கு 11 பேர். அவர்கள் ஆதரிக்காமல் எதிர்த்து வாக்களித்திருந்தால் 114–116; மசோதா தோற்றிருக்கும்.

2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு, உரிய பயண ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது 2025இல்தான். அதுவும் உள்துறை ஆணையால், குடியுரிமை அல்ல.

உங்கள் எம்.பி.யை நட்சத்திரக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அதற்குத்தான் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் போடலாம்.