ஓத வரும் பிள்ளையை அறிந்து ஓதிக் கொடுப்போம்

மக்தபைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எந்தக் கிதாபு, எத்தனை சூரா, எத்தனை மாதம் என்றே பேசுகிறோம். ஓத வருகிற பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது, என்ன மனநிலையில் பாயில் வந்து உட்காருகிறது என்ற பேச்சு குறைவு. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களோ வந்தவரைக் கவனித்துவிட்டே பாடத்தைத் தொடங்கினார்கள்.

லைஸ் கோத்திரத்தைச் சேர்ந்த மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. ஏறக்குறைய ஒரே வயதுடைய வாலிபர்கள் சிலர் மதீனா வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்து, ஊரில் யார் யாரை விட்டு வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, திரும்பிச் சென்று குடும்பத்தாருடன் தங்கி அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும்படி அனுப்பி வைத்தார்கள். தம்மைத் தொழக் கண்டவாறே தொழ வேண்டும், ஒருவர் பாங்கு சொல்ல வேண்டும், வயதில் மூத்தவர் இமாமாக நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கையோடு கொண்டு சென்ற பாடம். எல்லோரும் ஒரே அளவு கற்றிருந்ததால்தான் வயது கவனிக்கப்பட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். இன்னும் பத்து நாள் இருந்தால் கூடுதலாகக் கற்கலாமே என்று அவர்கள் நிறுத்தி வைக்கப்படவில்லை.

ஹிஃப்ளு மதரஸாவில் சேர்த்துவிட்டு வந்த ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு வாரமாகப் பாடம் ஒப்புவிக்கவில்லை என்றால், ஞாபகசக்தி குறைவு என்று தீர்ப்புச் சொல்லுமுன் இந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டாமா? அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் தேவை உம்மாவின் குரலாகக்கூட இருக்கலாம்.

சிலர் கேட்பார்கள்: மார்க்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே, ஆளுக்கொரு பாடம் எதற்கு? மார்க்கம் ஒன்றுதான். அதைக் கொண்டு போய்ச் சேர்க்கும் வழிதான் பல. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, போகுமிடத்தில் இருப்பவர்கள் வேதம் கொடுக்கப்பட்டவர்கள் என்பதை நபியவர்கள் முதலில் நினைவூட்டினார்கள். முதலில் கலிமா, அதை ஏற்றால் தொழுகை, அதையும் ஏற்றால் ஜகாத் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். தமக்குக் கறுப்பு நிறத்தில் குழந்தை பிறந்துவிட்டதே என்று சந்தேகத்தோடு வந்த கிராமவாசியிடம் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைப் பற்றிக் கேட்டே தெளிவு உண்டாக்கினார்கள். அவருக்குத் தெரிந்த உலகம் ஒட்டகம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தறியும், மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் படகும் இதுபோல உதவும்.

நம் நாட்டு மக்தபுகளுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் உர்தூ பேசும் வீட்டுப் பிள்ளையும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காருவதுண்டு. தமிழ்ப் பிள்ளைக்குப் பகரம் ஒன்றே. 'பாவம்' என்று எழுதி இரண்டு ஓசையில் இரண்டு பொருளுக்கு வாசித்துப் பழகிய நாக்கு அது. ஐனும் கைனும் அதற்கு முற்றிலும் புதியவை. உர்தூப் பிள்ளைக்கு எழுத்தின் வடிவங்கள் பழக்கமானவை. ஆனால் தால், ஸாய், ளாத், ளா நான்கும் அதன் வீட்டுப் பேச்சில் ஒரே ஓசை. ஒரு பிள்ளை இல்லாத ஓசையைப் பெற வேண்டும். மற்றது கலந்துவிட்ட ஓசைகளைப் பிரிக்க வேண்டும். இருவருக்கும் மக்ரஜ் பாடத்தை ஒரே மாதிரி நடத்தினால் இருவருமே திணறுவார்கள்.

மத்ஹபும் இப்படியே. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. ஹனஃபி மத்ஹபைப் படித்துவந்த உஸ்தாத், ருகூவிற்குப் போகும்போது கை உயர்த்துவதில்லை என்றும், சுபுஹில் குனூத் இல்லை என்றும் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை வீட்டுக்குப் போய்த் தொழுது கொண்டிருக்கும் உம்மாவைப் பார்த்து மலைத்து நிற்கும். இரண்டும் ஹக்கான மத்ஹபுகளே. எனினும் ஏழு வயதுப் பிள்ளையிடம் இமாம்களின் இக்திலாஃபை அவிழ்த்துக் கொட்ட வேண்டியதில்லை. அந்த வீட்டில் எது நடைமுறையோ அதையே ஓதிக் கொடுப்பதுதான் நலம்.

ஜகாத் பாடம் நடக்கும்போது அதை வாங்கும் வீட்டுப் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கும். 'பணக்காரர்கள் ஏழைகளுக்குப் போடும் பிச்சை' என்ற தொனி எழுந்தால் அது தலை குனியும். மறுநாள் வராமலும் இருந்துவிடும். செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிய பங்கு உண்டு என்றே குர்ஆன் பேசுகிறது. ஹக்கு என்று சொல்லிக் கொடுத்தால் கொடுக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பெருமை வராது, வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்குக் கூச்சமும் வராது. அதேபோல் தகப்பனை இழந்த பிள்ளை இருக்கும் இடத்தில் 'இன்று இரவு வாப்பாவிடம் ஒப்புவித்துவிட்டு வா' என்று பொதுவாகச் சொல்லிவிடலாகாது. அந்தப் பிள்ளைக்கு வள்ளுஹா சூராவைப் பொருளோடு ஓதிக் கொடுங்கள். யதீமாக இருந்தவருக்கு அல்லாஹ் அடைக்கலம் தந்ததைச் சொல்லும் சூரா அது.

பிரம்பைப் பற்றி இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். கடுமையில் வளரும் மாணவன் பொய்யும் பாசாங்கும் பழகிவிடுகிறான் என்பது அவர் முடிவு. அவர் ஹிஜ்ரி 808இல் மறைந்தவர். சில பள்ளிகளில் பிரம்பு இன்னும் சுவரில்தான் தொங்குகிறது! இரவு வெகுநேரம் உம்மாவோடு பீடி சுற்றிவிட்டு, சுபுஹுக்குப் பின் வந்து தூங்கி விழும் பிள்ளைக்கு அடி எந்த எழுத்தைக் கற்றுத் தரும்? அதற்கு அஸருக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். மக்கள் சலிப்படையக் கூடாதென்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமை மட்டுமே உபதேசம் செய்து வந்தார்கள். நபியவர்களிடம் கண்ட வழி அது என்றும் சொன்னார்கள்.

நாற்பது பிள்ளைகளை ஒருவரே பார்க்கும் மக்தபில் இதெல்லாம் நடக்குமா? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளைக்கு அரைப் பக்கம்: வீட்டு மொழி, மத்ஹபு, தகப்பனார் ஊரில் இருக்கிறாரா சவூதியிலா, ஓதத் தெரிந்தவர் வீட்டில் யார், உடல்நலக் குறை உண்டா. இவற்றைப் பிள்ளையை நிறுத்தி வைத்து எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது. வீட்டார்தான் தனியாக வந்து சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வாப்பா இருக்கும் வீடுகளில் உம்மாவோ பாட்டனாரோ சொல்லி அனுப்பலாம். அந்த நோட்டு உஸ்தாதிடமே இருக்கட்டும். அதிலுள்ளதை நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. உஸ்தாத் மாறிப் போகும்போது அடுத்து வருபவர் கையில் அதை நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.